அஞ்சாம் மாடியில் திரும்புகிறவர்கள்

முதல்லயே சொல்லிப்போடுறன், நான் பேய் பிசாசுக்குப் பயந்த ஆளில்லை. கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தனான். அங்க ஒரு வீட்டுக் குசினியில மிளகாய் தாளிச்சால் நாலு வீட்டில தும்முவினம். அப்பிடிச் சனம் நெருங்கின இடத்தில பேய்க்கு நிக்கவும் இடமில்லை. எனக்குப் பயம் கரப்பொத்தானுக்கு மட்டுந்தான், அதுவும் பறக்கிற கரப்பொத்தானுக்கு.

இந்த வருசம் தைப்பொங்கல் முடிஞ்ச கையோட வெள்ளவத்தைக்கு மாறி வந்தனாங்கள், நானும் என்ரை மகள் தாரிகாவும். அவளுக்கு ஏழு வயசு. என்ரை மனுசன் தனஞ்சயன் கட்டார்ல. நான் காலி வீதியில ஒரு பல் டொக்டரிட்ட றிசெப்ஷனிஸ்ட். கிளினிக்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்து போகலாம் எண்டுதான் இந்த ஃப்ளாட்டை எடுத்தது. கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒழுங்கையில எட்டு மாடிக் கட்டிடம், நாங்கள் எட்டாம் மாடி. ரெயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும், உப்புக் காத்துக்கு இரும்பெல்லாம் கறள் பிடிக்கும், மற்றபடி நல்ல வீடு.

பால் காய்ச்சின அடுத்த நாள் காலமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு லிப்டில இறங்கிறன். ஏழாம் மாடியில லுத்பியா அன்ரி ஏறினா, கையில சந்தைப் பை. ஆறாம் மாடியில கதிர்காமநாதன் அங்கிள், பாங்க் மனேஜரா இருந்து பென்சன் எடுத்தவர், எங்கட கட்டிடத்துக் கமிட்டித் தலைவர். அவரோட இன்னும் ரெண்டு பேர். இந்தப் பேர் விபரமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அண்டைக்கு "புதுசா வந்தனீங்களோ?" எண்டு சிரிச்சுக் கதைச்சினம், நல்ல சனமாக் கிடக்கு எண்டு நானும் சிரிச்சன்.

லிப்ட் அஞ்சாம் மாடியில தன்பாட்டில நிண்டுது. ஒருத்தரும் பட்டன் அமத்தேல்லை. கதவு திறக்க முதலே எல்லாரும் ஒண்டாத் திரும்பிச்சினம். பின் சுவரைப் பார்த்து. ஒரு சொல்லில்லை. அங்கிள் போன் கதைச்சுக்கொண்டு நிண்டவர், அந்தப் போனையும் நெஞ்சோட அமத்திப் பிடிச்சுக்கொண்டு திரும்பினார். அந்தச் சுவரில முந்தி ஒரு கண்ணாடி இருந்திருக்கு. அதுக்கு மேல பிரவுண் பேப்பர் ஒட்டிக் கிடந்தது.

நானும் தாரிகாவும் மட்டுந்தான் கதவைப் பார்த்துக்கொண்டு நிக்கிறம். கதவு திறந்தது. வெளியில ஒருத்தருமில்லை. ஒரு ரியூப் லைட் மினுங்கிக்கொண்டிருந்தது. நேர எதிரில பூட்டின வீடு ஒண்டு, பக்கத்தில பூட்டின வீடு இன்னொண்டு, இடக்கைப் பக்கம் படிக்கட்டு. அவ்வளவுதான். பத்து எண்ணுற நேரம் திறந்து கிடந்து பிறகு பூட்டுப்பட்டுது. எல்லாரும் முன்னால திரும்பிச்சினம். அங்கிள் போனைக் காதில வைச்சு, "ஓம், சொல்லும்" எண்டு விட்ட இடத்திலயிருந்து கதைக்கிறார்!

எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சுது. கீழ இறங்கினதும் வோச்சர் யேசுரட்ணம் அண்ணையைப் பிடிச்சுக் கேட்டன், "என்ன அண்ணை, இது என்ன கூத்து?"

அந்த மனுசன் சிரிக்கேல்லை. "நான் வேலைக்கு வரேக்கயே அப்பிடித்தான் மிஸ். எல்லாரும் திரும்பினவை, நானும் திரும்பினன்."

"ஏனெண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டனான். பார்க்கிறேல்லை எண்டு சொன்னவை."

பார்க்கிறேல்லை. அந்தக் கட்டிடத்தில இந்த ஒரு சொல்லைத்தான் எல்லாரும் வைச்சிருந்தவை. அதுக்கு மேல கிண்டினால் ஆளுக்கொரு கதை. ஒராள் சொல்லுது, அங்க ஒரு பெட்டை கயித்தில தூங்கிச் செத்தவளாம். இன்னொராள் சொல்லுது, கட்டிடம் கட்டேக்க ஒரு கூலியாள் விழுந்து செத்தவராம். மூண்டாவது ஆள் சொல்லுது, முகத்தைக் கண்டால் அது வீடு மட்டும் பின்னால வருமாம். எதின்ரை முகம் எண்டு கேட்டால் அதுவும் தெரியாது! விசர்க்கூட்டம் எண்டு வீட்டுக்கு வந்து தனஞ்சயனுக்குப் போனில சொல்லிச் சொல்லிச் சிரிச்சன்.

மூண்டாம் நாள் சிரிப்பு நிண்டுட்டுது. லிப்ட் அஞ்சில நிண்டது, என்ரை கைக்குள்ள கிடந்த குட்டிக் கை முறுகிச்சுது. குனிஞ்சு பார்த்தால் தாரிகா சுவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறாள். கண்ணையும் இறுக்கி மூடியிருக்கிறாள்.

"ஏன் குஞ்சு திரும்பினனீங்கள்?"

"எல்லாரும் திரும்பினவை அம்மா."

நான் ஒரு பயந்தாங்கொள்ளித் தாய்க்குப் பிறந்த பிள்ளை. என்ரை அம்மா ஆர் கதவைத் தட்டினாலும் லைட்டை நிப்பாட்டிப்போட்டு மூச்சுக் காட்டாமல் இருப்பா. பக்கத்து வீட்டில அடிபிடி எண்டால் ரேடியோவைக் கூட்டி வைப்பா. எங்களுக்கென்னத்துக்கு எண்டதுதான் அவவின்ரை தேவாரம். அவவை நான் குறை சொல்லேல்லை, அவ பார்த்த காலம் அப்பிடி. ஆனால் என்ரை பிள்ளை அப்பிடி வளரக் கூடாது எண்டு வயித்தில இருக்கேக்கயே முடிவெடுத்தனான். என்ன நடந்தாலும் கண்ணைத் திறந்து பார்க்கிற பிள்ளையா வரவேணும். அதில மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டன்.

அதால வீம்புக்கு நிண்டன். ஒவ்வொரு தரமும் கதவைப் பார்த்துக்கொண்டு, நெஞ்சை நிமித்திக்கொண்டு. "பாருங்கோ குஞ்சு, ஒண்டுமில்லை, சும்மா படிக்கட்டு" எண்டு சத்தமாச் சொல்லுவன். அப்பிடி நிக்கேக்கதான் ஒரு விசயம் விளங்கிச்சுது. பின்னால அஞ்சாறு முதுகு, ஒரு சத்தமில்லை, முன்னால ஆளில்லாத வெளி. பார்க்கிறதுக்கு நான் ஒராள்தான். அப்ப அங்க ஏதும் இருந்தால் அது பார்க்கிறதுக்கும் நான் ஒராள்தான். இந்த எண்ணம் வந்த நாளிலயிருந்து பிடரி குளிரத் தொடங்கிச்சுது.

சனமும் சும்மா விடேல்லை. நான் ஏறினால் "நீங்கள் போங்கோ, நாங்கள் அடுத்ததில வாறம்" எண்டு நிண்டுவிடுவினம். ஒரு தாய் தன்ரை குழந்தையின்ரை முகத்தை என்னட்ட இருந்தும் மறைச்சா. கதிர்காமநாதன் அங்கிள் ஒரு நாள் தன்மையாச் சொன்னார், "ஊரோட பகைக்கின் வேரோட கெடும் பிள்ளை. திரும்பிறதால உமக்கு என்ன குறைஞ்சு போகுது?" எனக்கு வந்த விசருக்கு ஏதும் சொல்லியிருப்பன், வயசான மனுசன் எண்டு வாயை மூடினன்.

மாசி மாசக் கடைசியில ஒரு நாள், தாரிகாவுக்குக் காய்ச்சல் மருந்து வாங்கக் கீழ இறங்கிறன். பட்டப்பகல், லிப்டில நான் மட்டும். அஞ்சில நிண்டுது. கதவு திறந்து பூட்டுப்பட்டுது. நாலு, மூண்டு எண்டு இறங்கேக்கதான் பார்க்கிறன், என்ரை கண்ணுக்கு முன்னால பிரவுண் பேப்பர். நான் திரும்பி நிக்கிறன்! எப்ப திரும்பினன் எண்டு எனக்கே தெரியாது. ஒருத்தரும் இல்லை, ஒருத்தரும் சொல்லேல்லை, என்ரை உடம்பு தானாத் திரும்பியிருக்கு. மருந்துக் கடையில என்ன வாங்க வந்தனான் எண்டு மறந்துபோய் நிண்டன்.

கிளினிக்கில தினமும் பார்க்கிறனான். வெயிட்டிங் றூமில ஒராள் கொட்டாவி விட்டால் வரிசையா எல்லாரும் விடுவினம். ஒராள் கன்னத்தைப் பொத்தினால் பல் நோகாதவையும் பொத்துவினம். நான் மேசைக்குப் பின்னால இருந்து சிரிக்கிறனான். இனி என்னத்தைச் சிரிக்கிறது?

அதுக்குப் பிறகு நானும் திரும்பினன். வெக்கத்தை விட்டுச் சொல்லுறன், திரும்பினால் எவ்வளவு சுகம் தெரியுமோ? பிடரி குளிராது. சனம் முகம் பார்த்துக் கதைக்கும். "சுபோதினி, இந்தாங்கோ கறிவேப்பிலை" எண்டு கதவைத் தட்டித் தருவினம். சின்ன விசயத்துக்கு ஏன் ஊரோட கொழுவுவான் எண்டு எனக்கு நானே சொல்லிக்கொண்டன். தாரிகாவும் நானும் கையைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டாத் திரும்புவம். அவள் இப்ப கண்ணை மூடுறேல்லை. பழகிப்போட்டாள்.

வைகாசியில பள்ளிக்கூடத்தில இருந்து வகுப்பு ரீச்சர் கூப்பிட்டா. இன்ரேவல் நேரம் ஒரு பிள்ளை விழுந்து, நாடி நிலத்தில அடிபட்டு வெடிச்சு இரத்தம் ஓடியிருக்கு. மற்றப் பிள்ளையள் ஓடிப்போய்த் தூக்கியிருக்கினம், கத்தியிருக்கினம், ரீச்சரைக் கூப்பிட்டிருக்கினம். தாரிகாதான் பக்கத்தில நிண்டவள். அவள் மெல்ல மதில் பக்கம் திரும்பி நிண்டவளாம். இரத்தம் கழுவி முடிஞ்சு எல்லாரும் போகுமட்டும் அப்பிடியே நிண்டவளாம்.

"வீட்டில ஏதும் பிரச்சினையோ அம்மா?" எண்டு ரீச்சர் கேட்டா. "நாங்கள் கேட்டதுக்கு, 'பார்க்கிறேல்லை' எண்டு மட்டும் சொல்லுறா."

எனக்கு அந்த இடத்திலயே அழுகை வந்திட்டுது. விழுந்த பிள்ளைக்கு முதுகு காட்டிக்கொண்டு நிண்டது என்ரை பிள்ளை. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை எண்டுறது சும்மாவே?

ஆனியில ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. லுத்பியா அன்ரி வட்டிலப்பம் கொண்டு வந்து தந்தா. அவ அந்தக் கட்டிடத்தில பதினைஞ்சு வருசமா இருக்கிறவ. இருத்தி வைச்சு நேரடியாக் கேட்டன், "அன்ரி, உண்மையைச் சொல்லுங்கோ. அஞ்சில என்ன கிடக்கு?"

அவ ஆச்சரியமாப் பார்த்தா. "என்ன மகள், ஒண்ணுமில்ல. அது எங்கட ராத்தா பஹ்மாட வீடு."

"என்னது, உங்கட அக்காவின்ரை வீடோ?"

"ரெண்டாயிரத்தி இருபத்திரெண்டுல கரண்ட் வெட்டினாங்க தானே, அப்பதான் மச்சான் மவுத்தாப் போன. ராத்தா இத்தாவுல ஈந்தாவு. புருசன் செத்தா பொஞ்சாதி நாலு மாசம் பத்து நாள் பொற ஆம்புளைங்கட கண்ணுல படாம ஈக்கோணும். வீட்டுக்குள்ள அவிஞ்சு போற சூடு, பேனும் இல்ல, வாசக் கதவத் தொறந்து வெச்சாத்தான் காத்து வரும். வாசலுக்கு நேரா லிப்ட். ஜெனரேட்டர்ல லிப்ட் பாதில சிக்கிற எண்டு, அஞ்சில ஒருக்கா நிண்டு போற மாதிரி மெக்கானிக் செஞ்சு வெச்ச. கதவு தொறந்தா ராத்தா தெரியுமே! அப்ப கதிர்காமநாதன் அய்யாதான் மொத மொத மத்தப் பக்கம் திரும்பின. அவரப் பாத்து எல்லாரும் திரும்பின. கண்ணாடில தெரியும் எண்டு பேப்பர் ஒட்டினதும் அவர்தான். எவ்வளவு நல்ல மனுசர்! ராத்தா இன்னும் அவருக்காக அல்லாட்ட துஆ கேக்குறாவு."

"அவ இப்ப எங்க?"

"இத்தா முடிஞ்சதும் களனில மகன்ட ஊட்டுக்குப் போன. நல்லா ஈக்கிறாவு, நேத்தும் கதைச்ச."

மூண்டு வருசம்! மூண்டே மூண்டு வருசத்தில ஒரு மரியாதை இப்பிடிப் பேயாப் போச்சுது. பழைய ஆக்கள் வீடு வித்துப் போக, வாடகைக்கு வந்த புது ஆக்கள் முதுகை மட்டும் பார்த்துப் பழகியிருக்கினம். காரணத்தைத் தாங்களே கட்டியிருக்கினம்.

"அப்ப நீங்கள் ஏன் அன்ரி திரும்புறனீங்கள்? உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அன்ரி கரண்டியைக் கீழ வைச்சா. "திரும்பாட்டி என்னமோ மாதிரி ஈக்கிது மகள்" எண்டா. "இப்ப அங்க ராத்தா இல்ல தானே. அப்ப யாருக்கு எல்லாரும் திரும்புற? அத நெனச்சா எனக்கே பயம்."

அண்டைக்குப் பின்னேரமே கதிர்காமநாதன் அங்கிளிட்டப் போனன். முதல் திரும்பின ஆள் அவர் சொன்னால் சனம் கேக்கும் எண்டு ஒரு நம்பிக்கை. அவர் என்னை விசரி மாதிரிப் பார்த்தார். "இத்தாவோ? எனக்கு அப்பிடி ஒரு ஞாபகமும் இல்லைப் பிள்ளை. அங்க ஏதோ கிடக்கு. நான் என்ரை காதால மூச்சுச் சத்தம் கேட்டனான்."

"அது பக்கத்தில நிக்கிற ஆக்களின்ரை மூச்சு அங்கிள்!"

"எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டெல்லோ நிக்கிறவை" எண்டார்.

சரி, ஊரைத் திருத்தேலாது, என்ரை பிள்ளையை எண்டாலும் திருத்துவம் எண்டு வந்து தாரிகாவை மடியில வைச்சு முழுக் கதையும் சொன்னன். பஹ்மா அன்ரி, கரண்ட், கண்ணாடி, எல்லாம். வடிவாக் கேட்டாள்.

"இப்ப விளங்குதோ? இனித் திரும்பத் தேவையில்லை."

"ஓம் அம்மா. ஆனா நீங்களும் திரும்புறனீங்கள் தானே?"

அடுத்த நாள் காலமை பல்லைக் கடிச்சுக்கொண்டு லிப்டில நிண்டன். இண்டைக்குத் திரும்பிறேல்லை, செத்தாலும் திரும்பிறேல்லை. ஏழு, ஆறு. அஞ்சு எண்டு லைட் எரிஞ்சது, கழுத்தில ஆரோ கை வைச்சுத் திருப்பின மாதிரித் திரும்பிப்போனன். பக்கத்தில தாரிகாவும். மூண்டு நாள் முயற்சி செய்தன், மூண்டு நாளும் தோல்வி. உள்ளுக்க நிண்டு இதை வெல்லேலாது எண்டு அப்பதான் விளங்கிச்சுது. வெளியில நிக்கவேணும். கதவு திறக்கேக்க அந்த இடத்தில நான் நிண்டு, "குஞ்சு, நான்தான்!" எண்டு சிரிச்சால், அவள் திரும்பிப் பார்த்தால், அதோட எல்லாம் சரி.

சனிக்கிழமை காலமை ஒன்பது மணிக்கு அவளுக்கு வயலின் கிளாஸ். லுத்பியா அன்ரி சந்தைக்குப் போறவ, அவவை மேல வரச் சொல்லி அவவோட அனுப்பிவிட்டன். "அம்மா பின்னால வாறன், நீங்கள் அன்ரியோட லிப்டில போங்கோ" எண்டு சொல்லி, ரெட்டைப் பின்னலுக்கு நீல ரிபன் கட்டிவிட்டன். அன்ரிக்கும் ஒண்டும் சொல்லேல்லை. சொன்னால் அவ காட்டிக்குடுத்திடுவா. அவையள் லிப்டைப் பார்த்துக்கொண்டு நிக்கேக்க நான் படியால ஓடி இறங்கினன். போனையும் எடுக்கேல்லை, என்ன பெரிய தூரம், மூண்டு மாடிதானே.

ஆறுக்கும் அஞ்சுக்கும் இடையில ஏதோ பைப் ஒழுகிப் படியெல்லாம் பாசி. ஒருத்தரும் அந்தப் படியால நடக்கிறேல்லை, ஆருக்குத் தெரியும்? செருப்பு வழுக்கிச்சுது. பத்துப் படி உருண்டு, லிப்டுக்கு நேர எதிரில போய் விழுந்தன். முழங்காலுக்குக் கீழ சடக் எண்டு ஒரு சத்தம். அந்தச் சத்தம் என்ரை காலுக்குள்ள இருந்து வந்தது எண்டு விளங்க ஒரு நிமிசம் செண்டுது. கத்த வாய் திறந்தால் மூச்சு வரேல்லை.

அப்பத்தான் லிப்ட் வந்து நிண்டுது. கதவு திறந்தது.

ஆறு முதுகு. நான் வெளியில இருந்து அதை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒரே சீரா, தோளோட தோளா, தலையெல்லாம் கொஞ்சம் குனிஞ்சு. நடுவில ஒரு குட்டி முதுகு, வயலின் பெட்டி, நீல ரிபன் கட்டின ரெண்டு பின்னல்.

"தாரிகா" எண்டன். குரல் கீச்சிட்டு வந்தது, எனக்கே என்ரை குரல் மாதிரி இல்லை. ஆறு பேரின்ரை தோளும் ஒண்டா மேல ஏறிச்சுது.

"தாரிகா! அம்மாதான்! நான் விழுந்திட்டன் குஞ்சு!"

கதிர்காமநாதன் அங்கிள் "சிவ சிவா, சிவ சிவா" எண்டு உரக்கச் சொல்லத் தொடங்கினார். லுத்பியா அன்ரி ஏதோ ஓதினா. அவவின்ரை கை ஒண்டு பின்பக்கமா நீண்டு வந்தது. முகம் சுவரிலதான், கை மட்டும் பின்னால, விரலால சுவரைத் தடவித் தடவி, கதவு பூட்டுற பட்டனைத் தேடுது. அந்தக் கையால வட்டிலப்பம் வாங்கிச் சாப்பிட்டனான் நான். ரெண்டு பின்னலும் அசையவே இல்லை. பட்டன் அம்பிட்டுது. கதவு பூட்டுப்பட்டுது.

அதுக்குப் பிறகு அந்த லிப்ட் எட்டுத் தரம் என்னட்ட வந்தது. ஏறேக்க ஒருக்கா, இறங்கேக்க ஒருக்கா. எட்டுத் தரமும் முதுகுதான். நான் கெஞ்சினன், பேர் சொல்லிக் கூப்பிட்டன், கடைசியில தூசணத்தாலயும் ஏசினன். கூப்பிடக் கூப்பிடத் தலையள் இன்னும் கீழ குனியுது. ஒரு தரம் லிப்டில ஒராள் மட்டுந்தான், யேசுரட்ணம் அண்ணை. "அண்ணை, யேசுவே எண்டு ஒருக்காத் திரும்புங்கோ" எண்டு அழுதன். அந்த மனுசனும் அழுதுகொண்டு நிண்டார், முதுகு குலுங்கிச்சுது. திரும்பேல்லை.

பத்தே முக்கால் போல ஒன்பதாம் தரம் கதவு திறந்தது. காஸ் சிலிண்டர் ஒண்டைத் தோளில வைச்சுக்கொண்டு ஒரு சிங்கள ஆள், ஆறாம் மாடிக்குப் போக வந்தவர், என்ரை முகத்தை நேர பார்த்தார். "அனே நோனா! மொகத வுனே?" ஐயோ, என்ன நடந்தது எண்டு கேட்டுக்கொண்டு சிலிண்டரைத் தடார் எண்டு வைச்சிட்டு ஓடி வந்தார். அவருக்கு ஒருத்தரும் பழக்கேல்லை. அதால பார்த்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கால் ரெண்டு இடத்தில முறிவு. ஆஸ்பத்திரியில ஒன்பது நாள். முதல் நாளே லுத்பியா அன்ரி வந்து கட்டில் காலைப் பிடிச்சுக்கொண்டு அழுதா. "உங்கட சத்தந்தான் எண்டு எனக்குத் தெரிஞ்ச மகள். அதுதான் இன்னும் பயமாப் போன. உங்கட சத்தத்துல அது கூப்புடுது எண்டு நெனச்ச." எனக்கு ஏசக்கூட ஏலாமல் இருந்தது.

அன்ரி வெளியில போய் நிண்ட நேரம், அவவோட வந்த தாரிகாவைக் கிட்டக் கூப்பிட்டன். அவள் வந்து கட்டுப்போட்ட காலை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

"குஞ்சு, அண்டைக்கு அம்மா கூப்பிட்டது கேட்டதோ?"

"ஓம்."

"அம்மாவெண்டு தெரியுமோ?"

"தெரியும் அம்மா. நீங்கள் விழுந்திட்டன் எண்டு சொன்னனீங்கள். எனக்கு அழுகை வந்தது."

"பிறகேன் குஞ்சு திரும்பேல்லை?"

அவள் என்னை யோசனையோட பார்த்தாள். இதென்ன கேள்வி எண்ட மாதிரி. "ஒருத்தரும் திரும்பேல்லையே அம்மா."

பத்தாம் நாள் வீட்டுக்கு விட்டவை. யேசுரட்ணம் அண்ணை வாசலில நிண்டு சக்கர நாற்காலியைப் பிடிச்சு லிப்டுக்குள்ள ஏத்தினார், என்ரை முகத்தைப் பார்க்காமல். கதிர்காமநாதன் அங்கிளும் ஏறினார், "சுகமோ பிள்ளை?" எண்டார். "சுகம் அங்கிள்" எண்டன். நாற்காலி கதவைப் பார்த்தபடி இருந்தது. இண்டைக்குத் திரும்ப நினைச்சாலும் ஏலாது, கால் நீட்டிக் கட்டிக் கிடக்கு, நான் பார்த்தே ஆகவேணும். தாரிகா எனக்குப் பின்னால நிண்டாள். ரெண்டு, மூண்டு, நாலு.

கதவு திறக்க ஒரு கணம் முந்தி, பின்னால இருந்து ரெண்டு குட்டிக் கை நாற்காலியின்ரை பிடியை இறுக்கிப் பிடிச்சுது. அவள் பாவம், முழுப் பலத்தையும் குடுத்து, என்ரை கால் எங்கயும் இடிபடாமல் கவனமா, நாற்காலியை மெல்ல மெல்லச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். திருப்பிப்போட்டுத் தானும் என்ரை பக்கத்தில வந்து நிண்டு, என்ரை கையைப் பிடிச்சாள். முதுகுக்குப் பின்னால கதவு திறந்தது.

நான் மறிக்கேல்லை. அப்பாடா எண்டு இருந்தது.